மாத்திரைப் பையும் உடன் வரட்டும்

முதற் கேள்வி

மூத்த பிராயத்தினர் ஒருவர் திடீரெனப் பிரக்ஞை இழந்து விழுந்து, அக்கம்பக்கத்தார் 108 வண்டியை வரவழைத்து, குயிலாப்பாளையத்திலிருந்து அவரைப் புதுவை ஜிப்மரின் அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டு சேர்த்தவுடன், அங்குள்ள வைத்தியர் நாடியைப் பிடித்துக்கொண்டே உடன் வந்தவரிடம் கேட்பது, "தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பதே. "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்" என்று மகனோ மருமகளோ சொல்லும் பதிலில் கலக்கமும் பாசமும் நிறைந்திருக்கின்றனவேயன்றி, வைத்தியருக்கு வேண்டிய பெயரும் அளவும் இல்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. விவரம் அறிந்த பெரியவரோ பேச இயலாமல் கிடக்கிறார்.

பெயர் தெரியாமற் போனால்

மயங்கிக் கிடக்கும் முதியவருக்கு ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருந்தால், விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்த நிமிஷத்தில் அது தெரிந்துவிடும். குளுக்கோஸ் ஏற்றியதும் பெரும்பாலும் கண் விழித்துவிடுவார். ஆனால் அவர் உட்கொண்டது கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்று நெடுநேரம் வேலை செய்யும் மாத்திரையாயிருந்து, சிறுநீரகமும் தளர்ந்திருக்குமானால், ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கிவிடும். அப்படிப்பட்டவரை ஒரு நாளேனும் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தாக வேண்டும். மரக்காணத்து உப்பளங்களில் வெயிலிலேயே உழைத்து உடலின் நீர் வற்றிப்போனவர்களுக்கு, சிறுநீரைப் பெருக்கும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டால், சிறுநீரகத்தின் இத்தளர்ச்சி இன்னும் விரைவாக நேரும்.

பக்கவாதத்தின் கதை இதனினும் கடுமையானது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நோயாளி வார்ஃபரின், அசிட்ரோம் முதலிய, ரத்தம் உறையாதிருக்கச் செய்யும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவராயின், அதே ஊசி மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். விஷயம் தெரியாமல் வைத்தியர் துணியார். விசாரித்தறிவதற்குள் காலம் கடந்துவிடும். பிரஷருக்கு அடினலோல் சாப்பிடுகிறவருக்கோ, உள்ளே ரத்தம் கசிந்தாலும் நாடி வேகமெடுக்காமல், அபாயமே இல்லாததுபோல் தோன்றும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அரசாங்கம் தரும் மாத்திரை அட்டையில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். கடையில் வாங்கியதில் கம்பெனி வைத்த பெயரே பெரிதாக இருக்கும். இரண்டும் வெவ்வேறு மருந்தென்று எண்ணி ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து தெற்கே வருகிறவர், விழுப்புரம் மாவட்டத்தில் புறப்பட்டு, காலாப்பட்டில் புதுவை மண்ணுக்குள் புகுந்து, பொம்மையார்பாளையத்தில் மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்து, கோட்டக்குப்பம் தாண்டியதும் மறுபடி புதுவையை அடைகிறார். இவ்வட்டாரத்து முதியவர்களின் வைத்தியமும் இவ்வாறே இரு ஆட்சிகளிலும் சிதறிக் கிடக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழ்நாட்டு அரசுத் திட்டம் சுகருக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது, இருதயத்துக்கு ஒரு தனியார் டாக்டர், கண்ணுக்குப் புதுவை. ஓரிடத்து நோட்டில் எழுதியது மற்றோரிடத்துக் கணினியில் தானே தோன்றும் என்று நம்பியிருக்கலாகாது.

மத்திய அரசின் 14 இலக்க ஆபா (ABHA) என்னும் சுகாதாரக் கணக்கு எண் இக்குறையைத் தீர்க்க வந்த நல்ல ஏற்பாடு. 2020-இல் அதன் முன்னோட்டம் நடந்த இடங்களுள் புதுவையும் ஒன்று. எனினும் அதனுடன் இணைக்கப்பட்ட பதிவுகளே அதில் கிடைக்கும். அவற்றைத் திறக்கவும் நோயாளியின் சம்மதம் வேண்டும். பிரக்ஞையற்றவர் சம்மதம் தருவதெப்படி? இங்கிலாந்தில் நோயாளியின் மருந்துகளையும் ஒவ்வாமையையும் அவசர வைத்தியர் கணினியிலேயே பார்க்க வழி செய்திருக்கிறார்கள். அங்கேயும் அரிமா சங்கத்தார், விவரம் எழுதிய தாளைச் சிறு குப்பியிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கும் வழக்கத்தைப் பரப்பி வந்திருக்கிறார்கள். கணினி வளரட்டும்; அதுவரையில் தாளைக் கைவிடுவது விவேகமன்று என்பதே என் துணிபு.

தாளில் எழுத வேண்டியவை

அட்டையில் உள்ளபடியே மருந்தின் பெயர், மில்லிகிராம், 1-0-1 என்று சீட்டில் போட்ட வேளைக்கணக்கு, எந்த நோய்க்கு என்பது, எழுதிய தேதி இவ்வளவும் இருக்க வேண்டும். பென்சிலின் போன்றவை ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை மேலேயே பெரிய எழுத்தில் எழுதுக. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையையும் சித்த வைத்தியர் கொடுத்த சூரணத்தையும் "இதெல்லாம் மருந்தா" என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அவையும் மருந்துகளே. எழுதியதைச் செவிலியரிடமோ சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்து, ஒரு பிரதியை மாத்திரைப் பையிலும், படத்தைப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் வையுங்கள்.

அந்தப் பையையும் ஒருமுறை கொட்டிப் பார்க்க வேண்டும். பெயர் அச்சிட்ட பகுதி கத்தரிக்கப்பட்டு வெறும் நாலு குமிழாய் எஞ்சிய துண்டுகளும், டாக்டர் எப்போதோ நிறுத்தச் சொன்ன மாத்திரைகளும், காலாவதியானவையும் அதில் கலந்து கிடக்கும். அவற்றை அகற்றுங்கள், இனிப் பெயருள்ள பகுதி கடைசிவரை மிஞ்சும்படி அட்டையை மறுபக்கத்திலிருந்து பிரியுங்கள். வைத்தியர் மருந்தை மாற்றும்தோறும் தாளையும் மாற்றி எழுதுங்கள். 108-ஐ அழைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில், துணிமணி எடுப்பதற்கு முன்பாக அந்தப் பையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.