மாறும் மழையும் மகாவலி நீரும்

மத்திய மலைநாட்டில் உற்பத்தியாகி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. ஆகவே மலையில் மழை மாறினால், மூதூர், வெருகல் வயல்களிலும் நீர் மாறும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது வந்த வெள்ளம் இதனை உணர்த்தியது.

இம்மாற்றத்தை நீரியல் அறிஞர் கணினியின் துணைகொண்டு கணக்கிடுகின்றனர். பெய்யும் மழையில் எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு மண்ணிற் சுவறும், எவ்வளவு ஆற்றை அடையும் என்பதை நிலச்சரிவு, மண், காடு ஆகியவற்றைக்கொண்டு அறிவர். முன்னர் அளந்த நீரோட்டத்துடன் ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே, வருங்கால வெப்பத்தையும் மழையையும் கணக்கில் இடுவர். விடை ஓர் எண்ணன்று. கூடிய அளவும் குறைந்த அளவுமாகவே கிடைக்கும். ஆண்டு மழை குறையாவிடினும், அது சில நாட்களிற் கொட்டித் தீர்ந்தால் முதலில் வெள்ளமும் பின்னர் வறட்சியும் நேரும்.

ஆதலாற் கமக்காரர் செய்யவேண்டியவை:

1. பெரும்போகத்தில் முதல் மழையுடன் உழுது, காலந்தாழ்த்தாது விதைத்தல்.
2. சிறுபோகத்திற் குளத்து நீரின் அளவறிந்து பரப்பைத் தீர்மானித்தல். மூன்று மாத நெல்லினத்தைத் தெரிதல்.
3. வரம்புகளையும் வடிகால்களையும் மாரிக்கு முன் திருத்துதல்.
4. மரக்கறிப் பாத்திகளை வைக்கோலால் மூடி ஈரங்காத்தல்.

மழை நம் வசமன்று. வயலுக்கு வந்த நீரைக் காப்பது நம் வசமே.