எம்ஜிபிக்கு எந்த ஆயில் கூலர்?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் உருவான கார் எம்ஜிபி. அதன் 1,798 சிசி எஞ்சினுக்குப் பெரிய கூலராகக் கேட்டு வாடிக்கையாளர்கள் வருவார்கள். நான் 13 வரிசைக் கூலரையே எடுத்து வைப்பேன். சாலையில் ஓடும் வண்டிக்கு அது தாராளம். ஆயில் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸாவது சூடாக வேண்டும். இல்லையேல் உள்ளே சேரும் ஈரம் போகாமல் சேறாகப் படியும். குளிர் நாட்டில் தெர்மோஸ்டாட் இல்லாமல் கூலர் மாட்டவே கூடாது.

கூலரை மாட்டும் இடம் ரேடியேட்டருக்கு முன்னால். ஹோஸ் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். தகட்டின் விளிம்பு உரசி உரசியே ஹோஸை அறுத்துவிடும். இணைப்பை முறுக்கும்போது கூலர் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், அலுமினியம் தாங்காது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். அதற்கப்புறம்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.