நிறுத்தக் கடிகாரம் சொல்லாத கணக்கு

கூடலூரிலிருந்து தேனி வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கில் வசிப்பவரானால், ஜூன் மாதக் காலைகளில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளி திறந்த சில நாள்களிலேயே வாய்க்கால் கரையிலும் தென்னந்தோப்புப் பாதையிலும் மாணவர்கள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். குறுவட்டப் போட்டி, பிறகு மாவட்டப் போட்டி, அதன்பின் மாநிலப் போட்டி என்று ஒரு புதிய பருவம் அவர்கள்முன் நிற்கிறது. உடற்கல்வி ஆசிரியரின் கையில் ஒரு நிறுத்தக் கடிகாரம் இருக்கும்.

திங்கட்கிழமை 6 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடிய மாணவன், வியாழக்கிழமை அதே தொலைவுக்கு 33 நிமிடம் எடுத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் சோம்பேறியாகிவிட்டானா? இன்னொருவன் 29 நிமிடத்தில் முடிக்கிறான். அவன் முன்னேறிவிட்டானா? கடிகாரத்தை மட்டும் பார்த்து இரண்டு கேள்விக்கும் விடை சொல்ல முடியாது. ஏன் என்பதைப் பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்த இயற்பியலே விளக்கிவிடும்.

ஓடுகளத்தின் ஒரு சுற்று எந்த ஊரிலும் 400 மீட்டர்தான், தரையும் சமதரை. கிராஸ் கன்ட்ரி ஓட்டம் அப்படிப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் உருவான இந்த விளையாட்டு, காடு, மேடு, புல்வெளி, சேறு வழியாகவே ஓடப்படுகிறது. இங்கே தொலைவைத் தவிர மூன்று பொருள்கள் கணக்கில் சேர்கின்றன. அவை மேடு, காற்று, வெப்பம்.

அடிப்படைச் செலவு

முதலில் சமதரையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் உடல் எடையை ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு ஓடிச் சுமந்து செல்ல ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றல் தேவை. 45 கிலோகிராம் எடையுள்ள மாணவன் 6 கிலோமீட்டர் ஓடினால் 45 × 6 = 270 கிலோகலோரி செலவாகும். ஐந்தாறு இட்லிகளில் கிடைக்கும் ஆற்றல் இது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்த மொத்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. வேகமாக ஓடுபவன் அதே தொகையைக் குறைந்த நேரத்தில் செலவிடுகிறான், அவ்வளவுதான்.

மேடு: திரும்பி வராத கடன்

இப்போது பாதை 100 மீட்டர் உயரம் ஏறுகிறது என்போம். நிலை ஆற்றலுக்கான வாய்பாடு உங்களுக்குத் தெரியும்: நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 45 × 9.8 × 100 = 44,100 ஜூல். கிலோகலோரியில் சொன்னால் ஏறத்தாழ 10.5. ஆனால் நம் தசைகள் உணவாற்றலில் கால் பங்கை மட்டுமே வேலையாக மாற்றுகின்றன. ஆகவே உண்மையான செலவு 42 கிலோகலோரி. சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓட அவனுக்கு ஆகும் செலவு 45. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே!

இதிலிருந்து நினைவில் வைக்கத்தக்க ஒரு விதி கிடைக்கிறது. 100 மீட்டர் உயரம் ஏறுவது, கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். எடை இரு பக்கமும் வருவதால் ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் இது பொருந்தும். போடியிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைச்சாலை ஏறத்தாழ 26 கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 1000 மீட்டர். ஓடுபவரின் கணக்கில் அது 36 கிலோமீட்டர்.

இறங்கும்போது இந்த ஆற்றல் திரும்பக் கிடைக்காதா? மலையிலிருந்து குழாய்களில் இறங்கும் பெரியாற்று நீர் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் மின்சாரமாகிறது. நம் உடலில் அத்தகைய டர்பைன் இல்லை. மென்மையான சரிவில் சிறிது சேமிக்கலாம். செங்குத்தான இறக்கத்திலோ தொடைத் தசைகள் பிரேக் போல வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அப்போது அவை நீண்டுகொண்டே இழுவிசை தருகின்றன. தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது இதனால்தான். லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால் வலிக்கிறது என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியன்று, ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்திற்குள் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

காற்று: கொடுப்பது குறைவு, எடுப்பது அதிகம்

தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வீசுகிறது. ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். காற்றாலைக்கு நன்மை தரும் இக்காற்று ஓட்டக்காரரை என்ன செய்கிறது?

காற்றின் தடை, காற்றைச் சார்ந்த நமது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. நீங்கள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறீர்கள். காற்று அசையாதபோது உள்ள தடையை 1 என்று கொள்வோம். இப்போது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுகிறது. சார்பு வேகம் 30. அது 12ஐப்போல் இரண்டரை மடங்கு. இரண்டரையின் இருமடி 6.25. ஆகத் தடை 6.25 ஆகிறது, கூடுதல் சுமை 5.25.

திரும்பி ஓடும்போது அதே காற்று முதுகில் வீசுகிறது. சார்பு வேகம் 6, அதாவது 12இல் பாதி. அரையின் இருமடி 0.25. முன்பிருந்த தடை 1 நீங்கி, 0.25 அளவு உந்துதலும் கிடைக்கிறது. மொத்த ஆதாயம் 1.25. போகும்போது இழந்தது 5.25, வரும்போது பெற்றது 1.25! நான்கு மடங்குக்கும் மேல் நட்டம்.

முல்லைப் பெரியாறு ஓடும் திசைதான் பள்ளத்தாக்கின் இறக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் பெரும்பாலும் அதே போக்கில் வீசுகிறது. ஆகவே கம்பத்திலிருந்து உத்தமபாளையம் நோக்கி ஓடுபவருக்கு இறக்கமும் பின்காற்றும் துணை. திரும்பி வருபவருக்கு ஏற்றமும் எதிர்க்காற்றும் பகை. திங்கட்கிழமையின் 30 நிமிடமும் வியாழக்கிழமையின் 33 நிமிடமும் எந்தத் திசையில், எந்தக் காற்றில் ஓடப்பட்டவை என்று கேட்காமல் ஒப்பிடலாமா?

வெப்பம்: உயிரைத் தொடும் கணக்கு

தசை கால் பங்கை வேலையாக மாற்றுகிறது என்றோம். மீதி முக்கால் பங்கு? அது முழுவதும் வெப்பம். நம் மாணவனின் 270 கிலோகலோரியில் ஏறத்தாழ 200 கிலோகலோரி உடலைச் சூடாக்குகிறது. உடலின் தன்வெப்பம் 0.83 என்று கொண்டால், 45 கிலோகிராம் உடலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 37 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் 30 நிமிடத்தில் உடல் வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் ஏறி, 37இலிருந்து 42ஐத் தாண்டிவிடும். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரியை எடுத்துச் செல்கிறது. 200 கிலோகலோரியை வெளியேற்ற மூன்றில் ஒரு லிட்டர் ஆவியானால் போதும். இங்கே 'ஆவியானால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தரையில் சொட்டிய வியர்வை வெப்பத்தை எடுத்துச் செல்வதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். பின்காற்று நீங்கள் ஓடும் அதே வேகத்தில் வீசினால், உங்களைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்பதுபோல் ஆகிவிடும். வியர்வை எளிதில் உலராது. கால்களுக்கு உதவும் காற்று உடலின் குளிர்ச்சியைக் கெடுக்கிறது!

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் கடும் வெயிலில் நடந்தது. ஓடத் தொடங்கியவர்கள் 38 பேர். முடித்தவர்கள் 15 பேர் மட்டுமே. பின்லாந்தின் பாவோ நூர்மி வென்றார். பல நாடுகளின் தேர்ந்த வீரர்கள் வழியிலேயே சுருண்டு விழுந்தார்கள். அத்துடன் இந்த விளையாட்டு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. உலகத் தரமான வீரர்களுக்கே இந்த நிலை என்றால், கோடை விடுமுறையில் ஓடாமல் இருந்துவிட்டு ஜூனில் களத்திற்கு வரும் பதினான்கு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம்

நல்ல வேளையாக, உடல் வெப்பத்திற்குப் பழகிக்கொள்ளும் தன்மை உடையது. நாள்தோறும் மிதமாக ஓடிவந்தால் 10 முதல் 14 நாள்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. தசைச் செல்களில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருக இன்னும் சில வாரங்கள் ஆகும். தசைநாண்களும் எலும்பும் வலுப்பெறுவதற்கோ மாதங்கள் வேண்டும். மூச்சு தயாராகிவிட்டது என்று ஓட்டத்தைத் திடீரென இரட்டிப்பாக்கினால் கணுக்காலும் முழங்காலும் தண்டனை பெறுகின்றன.

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்குக் கடிகாரத்தைப் பையில் போட்டுவிடலாம். அதைவிட நல்ல கருவிகள் உங்களிடமே இருக்கின்றன. ஓடிக்கொண்டே தோழனிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கிச் சொல் சொல்லாக வருகிறதா? வேகத்தைக் குறையுங்கள். ஓடி நின்றவுடன் 15 வினாடி நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துவையுங்கள். அதே பாதையில், அதே வேகத்தில், ஒத்த வானிலையில் இந்த எண் வாரத்துக்கு வாரம் குறைந்துவந்தால், நீங்கள் முன்னேறுகிறீர்கள்.

ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சிலர் தடுப்பதுண்டு. இது தவறான பழக்கம். தாகத்துக்கு ஏற்பக் குடிக்கலாம். வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடிப்பதும் தீங்கு. ஓட்டத்துக்குப் பின் உப்பிட்ட மோரும் நீராகாரமும் நல்லவை. எதிர்க்காற்றில் புறப்பட்டுப் பின்காற்றில் திரும்புங்கள். களைத்த கால்களுக்கு அது உதவும். திரும்பும் வழியில் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளை தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்குச் சொல்லியனுப்புங்கள். ஊர்தி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தடுமாறியவருக்கு வாய்வழியே எதுவும் புகட்டக் கூடாது. மெதுவாக ஓடியும் எந்நாளும் மூச்சு வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று ஒதுக்குமுன் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். இரும்புச் சத்து குறைந்தால் அதுவும் குறையும்.

நான்காவது ஆள்

உலக கிராஸ் கன்ட்ரிப் போட்டியில் அணியின் வெற்றியைக் கணக்கிடும் முறை சுவையானது. ஓர் அணியில் முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணிக்கே வெற்றி. ஓர் அணியினர் 1, 2, 3, 40 ஆகிய இடங்களில் வந்தால் கூட்டுத்தொகை 46. இன்னோர் அணியினர் 8, 10, 12, 14 ஆகிய இடங்களில் வந்தால் 44. முதல் மூன்று இடங்களையும் பிடித்த அணி தோற்றுவிடுகிறது!

அந்த நான்காவது ஆள் யார்? பல பள்ளிகளில், முதல் நாள் தேர்வு ஓட்டத்தில் பின்தங்கி, "உனக்கு ஓட்டம் வராது" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவராக அவர் இருக்கலாம். விடுமுறையில் தோட்ட வேலை செய்து களைத்தவராக, எதிர்க்காற்றில் ஓட நேர்ந்தவராக, வெப்பத்துக்குப் பழக இன்னும் பத்து நாள் தேவைப்பட்டவராக இருக்கலாம். கடிகாரம் அன்றைய நேரத்தைச் சரியாகத்தான் சொன்னது. மேட்டையும் காற்றையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கைப் போட வேண்டியவர்கள் நாம்தான். தேர்வை ஆறு வாரம் தள்ளிவைத்துப் பாருங்கள். அதுவரை எல்லாரும் ஓடட்டும்.