போப் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது?

ஜி.யு. போப் என்ற பெயரைக் கேட்டவுடன் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? "தன் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னவர்" என்பீர்கள். அப்படி அவர் உயில் எழுதி வைத்ததாக மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் பலமுறை கேட்டிருப்பீர்கள். கைதட்டலும் பலமாக இருக்கும்.

ஆனால் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி இல்லை!

அந்தக் கல்லறை இருப்பது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரில். அங்கே மாதா கோவில்களை ஒட்டியிருந்த பழைய இடுகாடுகளில் இடமில்லாமல் போனதால், 1848-இல் வால்டன் தெருவை ஒட்டிப் புதிய கல்லறைத் தோட்டம் ஒன்றைத் திறந்தார்கள். அதன் பெயர் செயின்ட் செபல்கர். இப்போது அங்கே யாரையும் புதிதாக அடக்கம் செய்வதில்லை. மரங்களும் புல்லும் மூடிய அமைதியான இடம்.

உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் அங்கே ஓர் அரிய வேலை செய்திருக்கிறார்கள். புதரை வெட்டி, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, எழுத்துகளை அப்படியே படியெடுத்து, உள்ளே உறங்குபவர் யார், எங்கே வாழ்ந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பேராசிரியருக்கும் சரி, கடைக்காரருக்கும் சரி, ஒரே மரியாதை! ஊர் வரலாறு என்றால் அப்படித்தான் எழுத வேண்டும்.

சரி, போப்பின் கல் என்ன சொல்கிறது? எழுத்துகள் ஆங்கிலத்தில் உள்ளன. அவர் 1820 ஏப்ரல் 24-இல் பிறந்தார், 1908 பிப்ரவரி 11-இல் மறைந்தார். பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். இந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்தார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. பெயருக்குப் பக்கத்தில் அவரைத் 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்' என்று குறித்திருக்கிறார்கள்!

யோசித்துப் பாருங்கள். பிறந்தது கனடாவில் உள்ள பிரின்ஸ் எட்வர்டு தீவில். இறந்தது இங்கிலாந்தில். ஆனால் கல்லில் தென்னிந்தியா! எனக்கு என்னவோ, கட்டிச் சொன்ன கதையைவிட இந்த உண்மைதான் இனிக்கிறது.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 19 வயதில், 1839-இல் கப்பலேறித் தமிழகம் வந்தார் போப். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சாயர்புரத்திலும், பிறகு தஞ்சாவூரிலும், உதகமண்டலத்திலும் பணி செய்தார். இங்கிலாந்து திரும்பிய பிறகும் தமிழை விடவில்லை. 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1893-இல் நாலடியார் வந்தது. சமண முனிவர்கள் பாடிய 400 வெண்பாக்கள் கொண்ட நீதிநூல் அது. செல்வம் நில்லாது, இளமை நில்லாது, உடம்பும் நில்லாது என்றுதான் அந்த நூலே தொடங்குகிறது. அதை வெளியிட்டபோது அவருக்கு 73 வயது!

அடுத்து திருவாசகம். "இந்த வயதில் முடிக்க முடியுமா?" என்று தயங்கினார். அவர் பணியாற்றிய பேலியல் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் விடவில்லை. பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் ஆயுள் நீளும், முடிக்கும் வரை நீங்கள் இருப்பீர்கள் என்று தைரியம் சொன்னார்.

சொன்னவர் 1893-இல் காலமாகிவிட்டார். போப் எழுதிக்கொண்டே இருந்தார். 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-இல், தமது 80-ஆவது பிறந்த நாளன்று, திருவாசகத்தின் முன்னுரையில் தேதியிட்டார். ஜோவெட் சொன்னதை அதில் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

ஜோவெட்டின் கல்லறை எங்கே இருக்கிறது தெரியுமா? அதே செயின்ட் செபல்கர் தோட்டத்தில்தான்.