உலகம் காக்கும் சின்னங்கள்

மலையைக் குடைந்து அமைத்த கோயிலைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைக்க முடியுமா? முடியும் என்று காட்டியது எகிப்து.

அங்கே நைல் ஆற்றங்கரையில், அபு சிம்பெல் என்னுமிடத்தில், இரண்டாம் ராம்செஸ் மன்னன் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரு குடைவரைக் கோயில்களை அமைத்தான். பெரிய கோயிலின் முகப்பில் ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள நான்கு சிலைகள் அமர்ந்திருக்கின்றன. ஆண்டில் இரு சமயங்களில் மட்டும் காலைக் கதிரவனின் ஒளி கருவறை வரை பாயும்.

எகிப்து அஸ்வான் உயர் அணையைக் கட்ட முனைந்தபோது இக்கோயில்கள் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அணை தேவை, கோயிலையும் இழக்கலாகாது. 1960-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நாடுகளின் உதவியைக் கோரியது. சுமார் 50 நாடுகள் உதவின. 1964 முதல் 1968 வரை கோயில்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுக்கப்பட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. திசை மாறாமல் அமைத்ததால் கதிரொளி இன்றும் கருவறையை எட்டுகிறது.

ஒரு நாட்டின் கலைச்செல்வம் மனித குலம் முழுமைக்கும் உரியது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1972-இல் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை உருவாயிற்று. 1978-இல் முதல் 12 இடங்கள் பட்டியலில் சேர்ந்தன.

ஓர் இடம் பட்டியலில் சேர்வது எப்படி? அந்த இடம் உள்ள நாடே விண்ணப்பிக்க வேண்டும். இடத்தின் எல்லை, சிறப்பு, பாதுகாப்புச் சட்டம், பராமரிப்பு முறை ஆகியவற்றை விளக்க வேண்டும். வல்லுநர்கள் நேரில் ஆராய்வர். பத்து அளவுகோல்களில் ஒன்றேனும் பொருந்த வேண்டும். இறுதி முடிவு 21 நாடுகளின் குழுவுடையது. நம் மாமல்லபுரம் 1984-இலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும் இவ்வாறே இடம்பெற்றன. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் தஞ்சையுடன் சேர்க்கப்பட்டன.

பட்டியலில் சேர்ந்தால் போதுமா? போதாது. யுனெஸ்கோவுக்குக் காவல்படை இல்லை. அது எச்சரிக்கலாம், வல்லுநர்களையும் பொருளுதவியையும் தரலாம், சீர்கேடு கண்டால் அபாயப் பட்டியலில் சேர்க்கலாம். கம்போடியாவின் அங்கோர் 1992-இல் அப்பட்டியலில் சேர்ந்து, பன்னாட்டு உதவியால் சீர்பெற்று, 2004-இல் அதிலிருந்து நீங்கியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து எல்பே பள்ளத்தாக்கின் கதை வேறு. போக்குவரத்துக்குப் பாலம் வேண்டும் என்று நகர மக்கள் வாக்களித்தனர். பாலத்தால் பள்ளத்தாக்கின் தோற்றம் கெடும் என்றது குழு. பாலப் பணி நிற்கவில்லை. 2009-இல் அவ்விடம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அணையும் தேவை, பாலமும் தேவை. இரண்டையும் காக்கும் வழியை முன்கூட்டியே தேடுவதில்தான் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. அந்தப் பொறுப்பு அந்தந்த நாட்டுடையது, நம்முடையதும்கூட. அடுத்த முறை மாமல்லபுரம் செல்லும்போது நினைவில் கொள்ளுங்கள்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் பெயரைக் கீறுவதும் நம் சட்டப்படி குற்றமே.