பிடிச்ச பேக்கரியில பணம் போடலாமா? மாடர்ன் பிரெட்டும் என் 2 லட்சமும்

சின்ன வயசுல காய்ச்சல் வந்தா உங்க வீட்ல என்ன கொடுப்பாங்க? எங்க வீட்ல பால்ல நனைச்ச மாடர்ன் பிரெட். காய்ச்சல் இல்லாத நாள்ல தெருமுனை பேக்கரியில தேங்காய் பன். அந்தப் பேக்கரி இருந்த இடத்துல இப்போ செல்போன் கடை. பேக்கரியோட சேர்ந்து என்னோட 2 லட்ச ரூபாயும் போச்சு. அந்தக் கதைக்கு முன்னாடி, மாடர்ன் கதையைக் கேளுங்க.

அரசாங்கம் சுட்ட ரொட்டி

மாடர்ன் பேக்கரீஸ், 1965-ல மத்திய அரசு தொடங்கின நிறுவனம். சென்னை உட்பட பல ஊர்ல ஆலைகள் இருந்துச்சு. நாடு முழுக்கத் தெரிஞ்ச பெயர். ஆனா 2000 ஜனவரியில அரசு தன்னோட 74% பங்கை இந்துஸ்தான் லீவருக்கு 105.45 கோடி ரூபாய்க்கு வித்துச்சு. அப்போ கம்பெனி நஷ்டத்துல இருந்துச்சு. மீதிப் பங்கும் பிறகு லீவர் கைக்கே போச்சு. 2016-ல எவர்ஸ்டோன் குழுமம் வாங்கிச்சு. 2021-ல மெக்சிகோவோட பிம்போ வாங்கிச்சு.

பெயர் ஒண்ணுதான், முதலாளி நாலு பேர். "எல்லாருக்கும் தெரிஞ்ச பிராண்ட், எப்படி நஷ்டமாகும்?"னு கேட்கத் தோணும். ஆனா நம்ம பாசம் எந்தக் கம்பெனியோட லாப நஷ்டக் கணக்குலயும் வராது.

பிரெட்ல ஏன் காசு நிக்காது?

பிரெட் சில நாள்தான் தாங்கும். விக்காதது திரும்பி வந்தா அது முழு நஷ்டம். தினமும் வண்டி ஓடணும். விலையை ரெண்டு ரூபா ஏத்தினாலே வாங்குறவங்க முகம் மாறும். பிரெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதனாலயே, பேக்கிங் கவர் மாதிரி பொருளுக்குக் கடைக்காரர் கட்டின வரியை அவர் திரும்ப எடுத்துக்க முடியாது. அதனாலதான் பல சின்ன பேக்கரிகள் கேக், பப்ஸ், டீ வருமானத்துல ஓடுது.

என் 2 லட்சம்

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். பேக்கரி அண்ணன் புது ஓவன் வாங்கணும்னு கேட்டார். சின்ன வயசுல காசில்லாம பன் கொடுத்த மனுஷன். சேமிப்பு மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்தேன். எழுத்து எதுவும் இல்ல. ஆறு மாசம் ஒழுங்கா பணம் வந்துச்சு. அப்புறம் கடை ஓனர் வாடகையை ஏத்தினார். பக்கத்துல சூப்பர் மார்க்கெட் வந்துச்சு. ஒரு நாள் ஷட்டர் இறங்கிடுச்சு.

அண்ணன் ஏமாத்தல. கடைக் கணக்கை அவர் எழுதி வைக்கல, நானும் கேட்கல. இப்போ என்னைப் பார்த்தா அவர் எதிர்ப்பக்கம் போயிடுறார். பணம் போனதைவிட அதுதான் வலிக்குது.

கொடுக்குறதுக்கு முன்னாடி

1. தினசரி விற்பனை எவ்வளவு, மிச்சமாகிறது எவ்வளவு? ஒரு மாசக் கணக்காவது பாருங்க.

2. வாடகை ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம்? இதைக் கேட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

3. கொடுக்குறது கடனா, பங்கா? கடன்னா புரோ நோட்டு எழுதுங்க. கோர்ட்டுக்குப் போக 3 வருஷக் காலக்கெடு இருக்கு, தேதியை மறக்காதீங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடனை ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் சொல்லுது. பேங்க் வழியாவே அனுப்புங்க.

4. இந்தப் பணம் திரும்பவே வரலைன்னா உங்க இஎம்ஐ நிக்குமா? ஆமான்னா கொடுக்காதீங்க. எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கவே வேண்டாம்.

கணக்குக் கேட்டா அண்ணன் மனசு கஷ்டப்படும்னு அன்னைக்கு நினைச்சேன். கேட்டிருந்தா, வாடகை விஷயம் ரெண்டு பேருக்குமே முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஓவனுக்குப் பதிலா வேற இடம் பார்த்திருப்போம்.

உங்க ஊர்ல இன்னும் ஒரு பழைய பேக்கரி ஓடுதா? இன்னைக்கு சாயங்காலம் போய் ரெண்டு பன் வாங்குங்க. அந்தக் கடைக்கு உடனே உதவுறது அந்த வியாபாரம்தான். மூடிப்போன உங்க ஊர் பேக்கரி பெயரைக் கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல, சொந்தக்காரங்க கடன் கேட்டா எப்படிப் பேசுறதுன்னு பார்ப்போம்.