எவ்வளவு ஒழுகலாம்?

துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்களும் அழுத்தக் கலன்களும் செய்யும் பட்டறைகளில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தவள் நான். சரக்கு எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "லீக் எதுவும் இல்லையே மேடம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எவ்வளவு வரைக்கும் இருந்தா உங்களுக்குப் பரவாயில்லை?" சிலருக்குக் கோபம் வரும். லீக்கே கூடாது என்றுதானே காசு கொடுக்கிறோம் என்பார்கள். ஆனால் ஓர் அணுகூடக் கசியாத கலனை இதுவரை யாரும் செய்ததில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் அளவு, கேஸ் பைப்புக்கு ஓர் அளவு, ஃபிரிட்ஜ் காயிலுக்கு வேறோர் அளவு. அந்த அளவைக் குறிப்பிடாமல் 'லீக் இல்லை' என்று ஒரு சான்றிதழ் சொன்னால், அதை எழுதியவருக்கே தான் எதைத் தேடினோம் என்று தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

சோப்புத் தண்ணீரைக் குறைவாக நினைக்க வேண்டாம். கலனுக்குள் லேசாகக் காற்றை ஏற்றி, வெல்டு மேல் சோப்புக் கரைசலைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி பூக்கும். நல்ல வெளிச்சமும் பொறுமையும் இருந்தால், கால் மணி நேரத்துக்கு ஒரு மில்லிலிட்டர் காற்று வெளியேறும் ஓட்டையைக்கூட வெறும் கண்ணால் பிடித்துவிடலாம். அவசரக்காரர்கள் தடவிக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். குமிழி அவர்கள் முதுகுக்குப் பின்னால் வரும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓட்டை ரொம்பப் பெரிதாக இருந்தால் காற்று சோப்பையே ஊதித் தள்ளிவிடும், குமிழியே கட்டாது. அதனால் முதலில் காதை வைத்துக் கேள், பிறகு சோப்பைத் தொடு என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் ஹீலியம்தான். இந்த முறை ஓர் அணுகுண்டுத் திட்டத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா டென்னஸி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் கே-25 என்ற பிரம்மாண்டமான ஆலையைக் கட்டியது. யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயுவை நுண்துளைத் தடுப்புகள் வழியே மறுபடி மறுபடி செலுத்தி, வேண்டிய யுரேனியத்தைப் பிரித்தெடுப்பது அந்த ஆலையின் வேலை. வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே புகுந்தாலும், அதிலிருக்கும் ஈரம் அந்த வாயுவோடு வினைபுரிந்து காரியத்தைக் கெடுத்துவிடும். மினசோட்டா பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஆல்ஃபிரட் நியர், அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை ஹீலியத்தை மட்டும் கண்டுகொள்ளும் கருவியாக வடிவமைக்க வழிசெய்தார். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான், எதோடும் சேராது, மிகச் சின்ன இடுக்கிலும் நுழைந்துவிடும். கலனுக்குள் வெற்றிடம் உண்டாக்கிக் கருவியோடு இணைத்து, வெளியே ஊசி போன்ற குழாயால் ஹீலியத்தைத் தூவிக்கொண்டே போவோம். உள்ளே ஹீலியம் நுழைந்தால் கருவி கத்தும்.

இன்றைய சாதாரண ஹீலியம் கருவிகூட, ஒரு மில்லிலிட்டர் வாயு நுழைய ஏறக்குறைய 32 வருடம் ஆகும் ஓட்டையைக் காட்டிவிடும். ஆனால் அந்த நுணுக்கமே தொல்லையும் தரும். ஹீலியம் மேலே ஏறும் வாயு. கீழே இருக்கும் மூட்டில் தூவினால், அது மிதந்து போய் மேலே இருக்கும் வேறொரு ஓட்டைக்குள் புகும். நாம் கீழ் மூட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். ஆகவே உச்சியில் ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டும், ஃபேனை நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் இல்லாமல் ஒரு முழுக் கலனைத் தடவி முடிப்பது என்னவென்று செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டறையில் எல்லோரும் நம்புவது ஹைட்ரோ டெஸ்ட்டைத்தான். கலனில் தண்ணீர் நிரப்பி, மேலே இருக்கும் வென்ட் வழியாகக் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, பம்ப் வைத்து அழுத்தத்தை ஏற்றுவது. பாய்லர் என்றால் வழக்கமாக வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஏன் தண்ணீர் என்றால், தண்ணீர் அவ்வளவாக அமுங்காது. கலன் பிளந்தாலும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். காற்று அப்படியில்லை, அமுக்கி வைத்த சக்தி அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும்.

அமுங்காத குணமே இன்னொரு விளையாட்டும் காட்டும். காலையில் அழுத்தம் ஏற்றி வால்வை மூடிவிட்டு, டீ குடித்து வருவதற்குள் கேஜ் முள் தானாக மேலே போயிருக்கும். யாரும் பம்ப்பைத் தொட்டிருக்க மாட்டார்கள். வெயில் பட்டால் தண்ணீர் இரும்பைவிட அதிகமாக விரிகிறது, விரிய இடமில்லை, அழுத்தம் ஏறுகிறது. ஒரு டிகிரி சூடு கூடினாலே பல பார் கூடிவிடக்கூடும். சாயங்காலம் அதே முள் இறங்கும். "அக்கா, லீக் ஆகுது, முள் விழுந்துருச்சு" என்று பையன்கள் ஓடிவருவார்கள். "தெர்மாமீட்டர் என்ன சொல்லுது தம்பி?" என்று கேட்டால் அப்போதுதான் அதைத் தேடிப் போவார்கள்.

ஹைட்ரோவில் ஒரு சொட்டும் வராத கலன் ஹீலியம் சோதனையில் தோற்றுப்போவது உண்டு. தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை இருக்கிறது, நுண்ணிய ஓட்டையைத் தாண்டி அது அவ்வளவு எளிதில் வெளியே வராது. போதாததற்கு, அப்படிப்பட்ட ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பிறகு வரும் வாயுவையும் அது மறித்துவிடும். அதனால் நுண்கசிவுச் சோதனை தேவை என்றால் தண்ணீர் படுவதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, "ரெண்டும் பாஸ்" என்று கோப்பை மூடும் இடங்கள் உண்டு.

ஹைட்ரோ உண்மையில் கேட்பது பலத்தைப் பற்றிய கேள்வி. அதுவும் அன்றைய பலம், அந்தத் தண்ணீரின் சூட்டில். 1965 டிசம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில், அம்மோனியா ஆலை ஒன்றுக்காகச் செய்த பெரிய கலன் ஹைட்ரோ டெஸ்ட்டிலேயே உடைந்தது. பதினாறு மீட்டர் நீளம், சுவரின் கனம் பதினைந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சோதனை அழுத்தத்தை ஏறக்குறைய எட்டியபோது வெடித்தது. இரண்டு டன் எடையுள்ள ஒரு துண்டு பட்டறைச் சுவரை உடைத்துக்கொண்டு 46 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. தண்ணீர் வைத்துச் சோதித்தால் ஆபத்தில்லை என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதைதான். அவ்வளவு கனமான எஃகு அந்த அழுத்தத்தில் கொஞ்சம் இழுபடும், தண்ணீரும் கொஞ்சம் அமுங்கும். அந்தச் சக்தியே போதும்.

காரணம், வெல்டு ஓரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவிலான விரிசல். அந்த அளவு விரிசலை நல்ல எஃகு தாங்கிக்கொண்டிருக்கும். வெல்டு செய்தபின் கலனை உலையில் வைத்துச் சூடாக்கி, உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அந்த உலையின் ஒரு பகுதி தேவையான சூட்டை எட்டவில்லை. வெல்டு கண்ணாடி போல நொறுங்கும் நிலையில் இருந்தது. டிசம்பர்க் குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இந்த நொறுங்கும் குணத்தை அளக்கத்தான் ஷார்ப்பி சோதனை. ஜார்ஜ் ஷார்ப்பி என்ற பிரெஞ்சுக்காரர் 1901-இல் முறைப்படுத்தியது. பட்டறையில் 'சார்ப்பி' என்போம். 10 மில்லிமீட்டர் சதுரம், 55 மில்லிமீட்டர் நீளம் கொண்ட சின்னத் துண்டு. நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவ வெட்டு. பெண்டுலம் சுத்தியல் மேலிருந்து வீசி வந்து அதை உடைத்துவிட்டு மறுபக்கம் ஏறும். எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ, அவ்வளவு சக்தியை அந்தத் துண்டு விழுங்கியிருக்கிறது. குளிரில் சோதிக்க, துண்டைக் குளிர்ந்த திரவத்தில் ஊறவைத்து, எடுத்த ஐந்து விநாடிக்குள் உடைக்க வேண்டும். ஆறாவது விநாடி என்றால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

"இந்தக் கொதிக்கிற ஊர்ல எதுக்கு மேடம் மைனஸ் 46?" என்று ஒரு வெல்டர் கேட்டார். நல்ல கேள்வி. அழுத்தத்தில் இருக்கும் புரொப்பேன் திரவம் திடீரென்று வெளியேறினால் மைனஸ் 42 டிகிரி வரை குளிர்ந்துவிடும். அப்போது கலன் இருக்கும் ஊர் திருச்சியா சைபீரியாவா என்பது அந்த இரும்புக்குத் தெரியாது. உடைந்த துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்தேன். சாதாரணச் சூட்டில் உடைந்தது சாம்பல் நிறத்தில் நார் நாராகக் கிழிந்திருந்தது. குளிரில் உடைந்தது சர்க்கரைப் பாளம் போல மினுமினுத்தது. ஒரே பிளேட்டில் வெட்டிய துண்டுகள்தான் இரண்டும். என் வேலையிலேயே எனக்குப் பிடித்த சோதனை இது. கம்பியை இழுத்துப் பலம் பார்க்கும் டென்ஸைல் டெஸ்ட்டில் இரண்டும் பாஸ் ஆகும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய டாங்கர் கப்பல், அலையே இல்லாத துறையில் கட்டிக்கிடந்தபோது இரவில் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்ததற்கும் இந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம்.

உலை தன் வேலையைச் செய்ததா என்று பார்க்கச் சுலபமான வழியும் உண்டு. சுவீடனைச் சேர்ந்த பிரினெல் 1900-இல் அறிமுகப்படுத்திய முறை: 10 மில்லிமீட்டர் உருண்டையை 3000 கிலோ பாரத்தில் அழுத்தி, விழும் பள்ளத்தின் அகலத்தை அளந்தால் கடினத்தன்மை தெரியும். இப்போது கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. வெல்டு அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் உலையின் சார்ட்டைத் திரும்பப் பார்ப்போம். எக்ஸ்ரே, அல்ட்ராசானிக், சிவப்புச் சாயம் தடவிப் பார்ப்பது எல்லாம் விரிசலைத் தேடும் வித்தைகள். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இரும்பை விட்டு ரப்பருக்கு வருவோம். 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடியில் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட் மூட்டை அடைத்திருந்த ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, சூடான வாயுவை வெளியே விட்டுவிட்டன. அன்று வெப்பநிலை சுமார் 2 டிகிரி. விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த ரப்பர்த் துண்டைக் கிளாம்ப்பில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டியது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. அதிகம் பேசப்படாத விஷயம், அந்த மூட்டுகளுக்கும் லீக் டெஸ்ட் உண்டு என்பது. இரண்டு வளையங்களுக்கும் நடுவே காற்றை ஏற்றிப் பார்ப்பார்கள். சோதனை நம்பகமாக இருக்கட்டும் என்று அந்த அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டிலிருந்து படிப்படியாக 200 வரை உயர்த்தினார்கள். அந்த அழுத்தம் மூட்டைக் காத்த மெழுகு போன்ற பூச்சில் துளை போட்டது. சூடான வாயு வளையத்தைத் தேடிப் போக அந்தத் துளையே வழியானது. அழுத்தத்தை உயர்த்திய பிறகு வளையங்கள் அரிக்கப்படுவது அதிகமானதை விசாரணைக் குழுவே பதிவு செய்திருக்கிறது. மூட்டு ஒழுகுகிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அத்தனை குளிரில் இந்த ரப்பர் எத்தனை வேகமாகத் திரும்ப எழும்பும் என்ற கேள்விக்கு, புறப்பட்ட அன்று காலை கையில் பதில் இல்லை.

அதே ஜாதி ரப்பர் வளையம் ஒன்று உங்கள் வீட்டு சிலிண்டர் வால்வுக்குள்ளும் இருக்கிறது. மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தால் தெரியும். ரெகுலேட்டரை மாட்டியபின் வாடை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அது நசுங்கியோ காணாமலோ இருந்தால் சிலிண்டர் கொண்டுவருபவரிடமே மாற்றித் தரச் சொல்லுங்கள். நீங்கள் முகரும் வாடைகூடக் கேஸுடையது அல்ல. 1937-இல் டெக்சஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளியில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, முந்நூறு பேரை ஒட்டிய உயிர்ச்சேதம் ஏற்பட்ட பிறகுதான் எரிவாயுவில் வாடைப் பொருள் கலப்பது அங்கே சட்டமானது. நம் சிலிண்டரில் கலப்பது மெர்காப்டன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். குனிந்து முகர்ந்து பாருங்கள். கசிவைத் தேடத் தீக்குச்சியைக் கொளுத்துவது இன்னமும் சில வீடுகளில் நடக்கிறது. சோப்புத் தண்ணீரே போதும். ரப்பர் டியூபில் அச்சிட்டிருக்கும் வருடத்தையும் பாருங்கள். ஐந்து வருடம் ஆகிவிட்டால் மாற்ற வேண்டும்.

சிலிண்டரின் கழுத்தைச் சுற்றியுள்ள வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. இலக்கம் வருடம். அந்தச் சிலிண்டர் மறுபடி ஹைட்ரோவுக்குப் போக வேண்டிய கெடு அது. கெடு தாண்டியதை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ராத்திரியில் வாடை வந்தால் ரெகுலேட்டரை அணைத்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே வந்தபின் 1906-க்கு அழைக்க வேண்டும்.